டீச்சர், அந்த பட்டனை அழுத்துங்க!

பள்ளிக்கூடத்தில் ஸ்மார்ட் போர்டு வந்து இறங்கினால் முதல் வாரம் திருவிழாதான். பிள்ளைகள் ஜன்னலில் தொற்றிக்கொண்டு எட்டிப் பார்ப்பார்கள். தலைமை ஆசிரியர் போட்டோ எடுத்து குரூப்பில் போடுவார். மூன்று மாதம் கழித்துப் போய்ப் பாருங்கள். சில பள்ளிகளில் அது ஓடிக்கொண்டிருக்கும். சில பள்ளிகளில் அதன் மேல் ஒரு துணி போர்த்தியிருக்கும். கேட்டால், "தூசி படியுது சார், அதான்" என்பார்கள்.

தூசி ஒரு காரணம். வாய்விட்டுச் சொல்லாத இன்னொரு காரணம் பயம்.

இத்தனைக்கும் அந்த ஆசிரியை வீட்டில் யூடியூப் பார்த்துச் சமைக்கிறார். போனிலேயே கரன்ட் பில் கட்டுகிறார். வெளியூரில் இருக்கும் பேத்தியோடு வீடியோ காலில் பேசுகிறார். அதே தொடுதிரை வகுப்பறைக்குள் வந்ததும் விரல் தயங்குகிறது. ஏன் என்றால், எதிரே நாற்பது ஜோடிக் கண்கள். வீடியோ ஓடாமல் நின்றுவிட்டால் கடைசி பெஞ்சிலிருந்து ஒரு சிரிப்பு கிளம்பும். "டீச்சர், அந்த பட்டனை அழுத்துங்க!" என்று ஒரு குரல் வரும். இருபத்தைந்து வருடம் சாக்பீஸைக் கையில் வைத்துக்கொண்டு சம்பாதித்த மரியாதை ஒரே நிமிடத்தில் போய்விடுமோ என்ற கலக்கம் அது. அதைக் கேலி செய்ய எதுவும் இல்லை. அந்த இடத்தில் யார் நின்றாலும் அப்படித்தான் இருக்கும்.

ஆனால், அந்தத் துணி போர்த்தியே இருந்தால் நஷ்டம் யாருக்கு? வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்கு டியூஷன் இருக்கிறது, சொந்தமாக டேப் இருக்கிறது. இதயம் எப்படித் துடிக்கிறது என்பதை அசையும் படமாகப் பார்க்க அந்தப் பள்ளிக்கூடத்துத் திரையை விட்டால் வேறு வழியில்லாத பிள்ளைக்குத்தான் நஷ்டம்.

ஒரே வாரத்தில் கற்றுக்கொண்டவர்கள்

2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டபோது என்ன நடந்தது என்று நினைத்துப் பாருங்கள். 2019 ஆகஸ்டில் தொடங்கப்பட்டிருந்த கல்வித் தொலைக்காட்சிதான் பல வீடுகளில் வகுப்பறை ஆனது. அதுவரை 'எனக்கு இதெல்லாம் வராதுப்பா' என்று ஒதுங்கியிருந்த ஆசிரியர்கள்கூட வாட்ஸ்அப் குரூப் தொடங்கினார்கள். கணக்கைத் தாளில் போட்டு, படம் எடுத்து, குரலைப் பதிவு செய்து அனுப்பினார்கள். அரிசி டப்பாவின் மேல் போனைச் சாய்த்து வைத்து வீடியோ எடுத்தவர்கள் உண்டு. சந்தேகம் வந்தால் கல்லூரியில் படிக்கும் மகனோ மகளோ சொல்லிக் கொடுத்தார்கள்.

அப்போது அவர்களுக்கு முறையான பயிற்சி என்று பெரிதாக எதுவும் இல்லை. இருந்தவை மூன்று. உடனே பயன்படுத்தியாக வேண்டிய தேவை, பக்கத்தில் பொறுமையாகச் சொல்லிக் கொடுக்க ஓர் ஆள், தப்பு செய்தாலும் யாரும் சிரிக்காத ஓர் இடம். இந்த மூன்றும் சேர்ந்தால் வயது ஒரு தடையே இல்லை என்று அந்த மாதங்கள் காட்டின.

பள்ளி திறந்ததும் பலர் பழைய கரும்பலகைக்கே திரும்பிவிட்டார்கள். கரும்பலகை நல்ல கருவிதான், அதில் தப்பில்லை. கற்றுக்கொண்ட புதியது கைவிட்டுப் போகாமல் இருந்திருக்கலாம் என்பதுதான் ஆதங்கம்.

பொருள் இருக்கிறது, பழக்கம் வேண்டும்

வசதி இல்லை என்று ஒரேயடியாகச் சொல்லிவிட முடியாது. ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்குமான தேசிய இணையத் தளமான தீக்ஷா, 2017 செப்டம்பர் 5-ம் தேதி, ஆசிரியர் தினத்தன்றே தொடங்கப்பட்டது. தமிழ்நாட்டில் 2018-ல் வந்த புதிய பாடநூல்களில் க்யூஆர் கோடு அச்சிடப்பட்டது. போனைக் காட்டினால் அந்தப் பாடத்துக்கான வீடியோ வரும். 2023 ஜூலையில் மணற்கேணி செயலி வந்தது. 2024-ல் தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்குக் கையடக்கக் கணினி கொடுத்தார்கள். ஸ்மார்ட் வகுப்பறைகளும் உயர்தொழில்நுட்ப ஆய்வகங்களும் அமைத்தார்கள்.

பயிற்சிகளும் நடக்கின்றன. நிஷ்தா என்ற தேசியப் பயிற்சித் திட்டம் 2019 ஆகஸ்டில் தொடங்கி, 2020 அக்டோபர் முதல் இணைய வழியாகவும் நடந்தது. நம் ஊரில் வட்டார வள மையம், குறுவள மையம் என்று பயிற்சிக்கான அமைப்புகள் ஏற்கெனவே உள்ளன. ஆண்டுக்குக் குறைந்தது 50 மணி நேரம் ஒவ்வோர் ஆசிரியரும் தொழில்சார் பயிற்சி பெற வேண்டும் என்கிறது தேசியக் கல்விக் கொள்கை 2020. அந்தக் கொள்கையைத் தமிழ்நாடு ஏற்கவில்லை என்பது வேறு விஷயம். ஆசிரியர் பணிக்காலம் முழுவதும் கற்க வேண்டும் என்பதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

பிறகு எங்கே இடிக்கிறது? எந்த ஆசிரியரிடமாவது மனம்விட்டுப் பேசிப் பாருங்கள். "ஹால்ல அறுபது பேர் சார். முன்னாடி ஒருத்தர் பிபிடி ஓட்டுவார். நெட் வராது. டீ வரும். கையெழுத்துப் போட்டுட்டு வந்துடுவோம்" என்பார். இணைய வழிப் பயிற்சி என்றால், வீடியோ ஒரு பக்கம் ஓடும், குக்கர் ஒரு பக்கம் விசில் அடிக்கும். கடைசியில் வரும் வினாக்களுக்கு விடை குரூப்பிலேயே சுற்றும். சான்றிதழ் வந்துவிடும், கை மட்டும் பழகியிருக்காது.

இன்னொன்றும் உண்டு. 'செயலி' என்ற சொல்லைக் கேட்டாலே பல ஆசிரியர்களுக்கு முகம் சுருங்குகிறது. வருகைப் பதிவு, நலத்திட்டப் பதிவு, அந்த விவரம், இந்த விவரம் என்று போனில் ஏற்றி ஏற்றி அலுத்தவர்கள் அவர்கள். பாடம் நடத்த உதவ வேண்டிய கருவி, வேலையைக் கூட்டும் கருவியாகவே அவர்களுக்கு அறிமுகமாகியிருக்கிறது. இந்தக் கசப்பைக் கணக்கில் எடுக்காமல் நடத்தும் எந்தப் பயிற்சியும் காதில் ஏறாது.

பாம்பைத் தொட்டவர்கள்

பாம்பென்றால் படையும் நடுங்கும் என்பார்கள். அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா 1970-களில் பாம்புக்கு அஞ்சுபவர்களை வைத்து ஆய்வு செய்தார். சிலருக்கு, வேறொருவர் பாம்பைக் கையாள்வதைக் காட்டினார்கள். சிலரை, உதவிக்கு ஆள் வைத்துக்கொண்டு படிப்படியாகத் தாங்களே தொடச் செய்தார்கள். வேடிக்கை பார்த்தவர்களைவிடத் தொட்டுப் பழகியவர்களுக்கே நம்பிக்கை வலுவாக வந்தது.

'என்னால் இதைச் செய்ய முடியும்' என்ற நம்பிக்கை நான்கு வழிகளில் வருகிறது என்று 1977-ல் பண்டூரா எழுதினார். தானே செய்து ஜெயித்த அனுபவம் முதலாவது. நம்மைப் போன்ற ஒருவர் செய்வதைப் பார்ப்பது இரண்டாவது. நாம் மதிக்கும் ஒருவர் 'உங்களால் முடியும்' என்று சொல்வது மூன்றாவது. படபடப்பு இல்லாத மனமும் உடலும் நான்காவது. இவற்றில் மிக வலுவானது முதலாவதுதான்.

இந்த நான்கையும் நம் பயிற்சி அரங்கத்தில் வைத்துப் பாருங்கள். அறுபது பேர் உட்கார்ந்து ஒருவர் செய்வதைப் பார்க்கும்போது முதல் வழி அடைபடுகிறது. மேடையில் இருப்பவர் கணினி வல்லுநர் என்றால், 'அவர் படித்தவர், அவருக்கு வரும்' என்று இரண்டாவது வழியும் அடைபடுகிறது. நேற்று வரை தயங்கிய பக்கத்துப் பள்ளி ஐந்தாம் வகுப்பு டீச்சர் எழுந்து, 'நான் இப்படித்தான் செஞ்சேன், முதல்ல சொதப்பிடுச்சு' என்று சொன்னால் அரங்கமே நிமிர்ந்து உட்காரும்.

ஆகவே நல்ல பயிற்சி இப்படி இருக்கும். ஒரு நாளைக்கு ஒரே ஒரு கருவி. ஆசிரியரின் சொந்தப் போன். அடுத்த திங்கட்கிழமை அவர் நடத்தப் போகும் அதே பாடம். இரண்டு இரண்டு பேராக உட்கார்ந்து செய்து பார்க்க நேரம். அதன் பிறகு, வகுப்பில் செய்துவிட்டு வந்து என்ன ஆனது என்று பேச இன்னொரு நாள். அமெரிக்கக் கல்வியாளர்கள் புரூஸ் ஜாய்ஸும் பெவர்லி ஷவர்ஸும் 1980-களிலேயே இதைத்தான் வலியுறுத்தினார்கள். விளக்கமும் செய்முறையும் மட்டும் போதாது, வகுப்பறைக்குத் திரும்பிய பிறகும் கூட நின்று வழிகாட்ட ஆள் வேண்டும் என்றார்கள். நம் ஆசிரியர் பயிற்றுநர்கள் பள்ளிகளுக்கு நேரில் வருகிறவர்கள்தான். பதிவேட்டைப் பார்ப்பதோடு நிறுத்தாமல், பத்து நிமிடம் டீச்சர் பக்கத்தில் உட்கார்ந்தால் அதுவே பெரிய பயிற்சி.

நாளைக்கே தொடங்கலாம்

இதைப் படிக்கும் ஆசிரியர்களுக்குச் சில யோசனைகள்.

ஒன்றில் தொடங்குங்கள். பத்து செயலிகள் வேண்டாம். பாடநூலின் ஒரு க்யூஆர் கோடு போதும். அதை வகுப்பில் மூன்று முறை வெற்றிகரமாக ஓட்டிய பிறகு அடுத்ததைப் பாருங்கள்.

முதல் நாளே வீடியோவைத் தரவிறக்கி வையுங்கள். வகுப்பில் நெட்டை நம்பாதீர்கள். பாதிச் சங்கடம் அங்கேயே தீர்ந்துவிடும்.

ஆளில்லாத வகுப்பறையில் ஒருமுறை ஒத்திகை பாருங்கள். ஒயரை எங்கே செருகுவது, சத்தத்தை எங்கே கூட்டுவது என்பதைத் துண்டுச் சீட்டில் எழுதி போர்டின் ஓரத்தில் ஒட்டுங்கள். அடுத்து வரும் ஆசிரியருக்கும் உதவும்.

கரன்ட் போனால் என்ன செய்வது என்று முன்பே தீர்மானியுங்கள். சாக்பீஸ் கையில் இருக்கட்டும். திரை அணைந்தாலும் பாடம் நிற்காது என்று தெரிந்தால் படபடப்பு குறையும்.

'அந்த பட்டனை அழுத்துங்க' என்று சொன்ன பையனை முறைக்காதீர்கள். 'வாடா தம்பி, நீயே வந்து காட்டு' என்று கூப்பிடுங்கள். கருவியை இயக்குவது அவன் வேலையாக இருக்கட்டும். எந்த இடத்தில் நிறுத்த வேண்டும், என்ன கேள்வி கேட்க வேண்டும், யாருக்குப் புரியவில்லை என்பதெல்லாம் உங்களுக்கு மட்டுமே தெரிந்த வித்தை. அதை எந்த பட்டனும் செய்யாது. தெரியாததைக் கேட்டுக் கற்றுக்கொள்ளும் ஆசிரியரைப் பார்த்து வளரும் பிள்ளை, தெரியாததைக் கேட்க வெட்கப்படாது.

தலைமை ஆசிரியர்களுக்கு ஒரு வார்த்தை. உடைந்துவிடும் என்று பயந்து சாவியை பீரோவில் பூட்டாதீர்கள். பழகியவர் ஒருவரையும் தயங்குபவர் ஒருவரையும் ஜோடி சேர்த்துவிடுங்கள். வாரம் ஒரு பாடவேளை அவர்களுக்கு ஒதுக்கிக் கொடுங்கள்.

பெற்றோருக்கும் பங்கு உண்டு

ஆன்லைன் வகுப்பில் ஏதோ ஓர் ஆசிரியர் தடுமாறிய வீடியோவைச் சிரிப்பு பொம்மையோடு பகிர்ந்த குரூப்கள் எத்தனை! அதைப் பார்த்த மற்ற ஆசிரியர்கள் என்ன நினைத்திருப்பார்கள்? 'நமக்கு எதுக்கு வம்பு' என்றுதானே! ஒரு பகிர்தல், பத்து பேரின் முயற்சியை முடக்கிவிடும். இனி அப்படி ஒன்று வந்தால் உங்கள் போனோடு நிறுத்திவிடுங்கள்.

உங்கள் பிள்ளையின் டீச்சர் அனுப்பும் குரல்பதிவோ வீடியோவோ உதவியாக இருந்தால் ஒரு வரி எழுதிப் போடுங்கள். 'நீங்க அனுப்பின பின்னக் கணக்கு வீடியோ பாத்து பாப்பா தானா போட்டுட்டா டீச்சர்' என்ற ஒரு வரி, எந்தச் சான்றிதழைவிடவும் அவரைத் தெம்பாக்கும். அடுத்த வாரம் இன்னொன்று செய்து பார்ப்பார்.

மணற்கேணி என்ற பெயர் திருக்குறளிலிருந்து வந்தது. மணலில் தோண்டத் தோண்டத்தான் நீர் ஊறும். கையில் கிடைக்கும் கருவியைக் கொண்டு தோண்டத் தொடங்கலாம். முதல் நாள் கொஞ்சம் மண்தான் வரும். அன்றைக்கு யாரும் சிரிக்காமல் பார்த்துக்கொள்வது பக்கத்தில் நிற்கும் நம் பொறுப்பு.