ட்ராக்டர் பேட்டரி: பெரிசா போட்டா சரியாயிடுமா?

மேட்டூர் தண்ணீர் வந்து குறுவைக்கு உழவு ஆரம்பிக்கிற வாரம். வாடகை உழவுக்கு நாலு பேர் சொல்லி வைத்திருக்கிறார்கள். விடியற்காலையில் சாவியைத் திருப்பினால் 'டக்... டக்...' அவ்வளவுதான். செல்ஃப் எடுக்கவில்லை. கார் என்றால் நாலு பேர் தள்ளலாம். இரண்டு டன் ட்ராக்டரை இன்னொரு ட்ராக்டர் வந்துதான் கட்டி இழுக்க வேண்டும். அன்றைய வாடகை போச்சு, வாடிக்கையும் போச்சு.

அடுத்த காட்சி பேட்டரிக் கடையில்.

"எழுபத்தஞ்சா போட்டிருக்கீங்க? நூறு போட்டுருங்கண்ணே, பிரச்னையே வராது."

பழசு ஏன் செத்தது என்று யாரும் கேட்பதில்லை. இதற்கு 'அப்கிரேடு' என்று பெயர் வேறு!

ஆம்பியர் அவர் என்பது தொட்டியின் கொள்ளளவு மாதிரி. தொட்டியைப் பெரிதாக்கினால் மட்டும் தண்ணீர் வந்துவிடாது, மோட்டார் ஓட வேண்டும். இங்கே மோட்டார் ஆல்டர்னேட்டர். முழு சார்ஜில் சும்மா இருக்கும் 12 வோல்ட் பேட்டரி 12.6 வோல்ட் காட்டும். இன்ஜின் ஓடும்போது டெர்மினலில் சுமார் 14 வோல்ட் வர வேண்டும். வரவில்லையா? குற்றவாளி பெல்ட்டாக இருக்கலாம், ஆல்டர்னேட்டராக இருக்கலாம், துருப்பிடித்த எர்த் வயராகவும் இருக்கலாம். சில நூறு ரூபாய் மல்டிமீட்டர் ஐந்து நிமிடத்தில் சொல்லிவிடும். ஆனால் மல்டிமீட்டரைத் தொட்டால் பேட்டரி விற்காதே!

பெரிய பேட்டரி பழைய ட்ரேயில் சரியாக உட்காராது என்பது அடுத்த கூத்து. கிளாம்ப் பிடிக்காமல் கயிறு கட்டி ஓட்டுகிறார்கள். வரப்பில் குலுங்கக் குலுங்க, ஈயத் தகட்டில் உள்ள பூச்சு உதிர்ந்து அடியில் படிந்து செல்லே ஷார்ட் ஆகிவிடும். அப்புறம் 75 என்ன, 100 என்ன?

"தண்ணி ஊத்துறதில்ல, டெர்மினல் துடைக்கிறதில்ல, சீசன் முடிஞ்சா மாசக்கணக்கில் அப்படியே நிறுத்திடுறாங்க" என்று கடைக்காரர்கள் பதில் சொல்வார்கள். பாதி உண்மை. சார்ஜ் இறங்கிய நிலையில் கிடக்கும் பேட்டரியில் சல்பேட் இறுகி உயிர் போய்விடும். ஆனால் விற்கும்போது இதையெல்லாம் சொல்லியது யார்? டிஸ்டில்ட் வாட்டருக்குப் பதில் ஆசிட்டை ஊற்றும் பழக்கத்தைப் பரப்பியது யார்?

வாரண்டியைப் பாருங்கள். '36 மாதம்' என்று பெரிய எழுத்தில் இருக்கும். அதில் முதல் பாதிக்குத்தான் இலவச மாற்றல். மீதிக்கு 'ப்ரோ ரேட்டா', அதாவது புதுசு வாங்கும்போது ஒரு தள்ளுபடி. அந்தத் தள்ளுபடியைப் பெரும்பாலும் எம்ஆர்பியில்தான் கணக்கிடுவார்கள். கடையில் சாதாரணமாகவே எம்ஆர்பிக்குக் குறைவாகத்தான் விற்கிறது. அப்புறம் கையில் என்ன மிஞ்சும்?

வரி இன்னொரு வேடிக்கை. 22 செப்டம்பர் 2025 முதல் ட்ராக்டருக்கு ஜிஎஸ்டி 12-லிருந்து 5 சதவீதம். பேட்டரிக்கு 28-லிருந்து 18 சதவீதம். அதே பேட்டரி புது ட்ராக்டருக்குள் வந்தால் 5, தனியாக வாங்கினால் 18! விவசாயம் மட்டும் செய்பவர் ஜிஎஸ்டி பதிவில் இல்லை, கட்டிய வரியைத் திரும்பப் பெறவும் வழியில்லை. பில் இல்லாத 'ரீகண்டிஷன்' பேட்டரிக்கு ஆள் சேருவதற்கு இதுவும் ஒரு காரணம். பில் இல்லையென்றால் வாரண்டியும் இல்லை.

மலிவு மலிவுதானா? ஒரு பேட்டரி 5,000 ரூபாய், 15 மாதம் உழைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மாதம் 333 ரூபாய். இன்னொன்று 8,000 ரூபாய், 40 மாதம். மாதம் 200 ரூபாய்தான். உழவு நின்ற நாளின் நஷ்டத்தை இதில் சேர்க்கவே இல்லை.

உண்மையான அப்கிரேடு என்ன? குலுக்கலைத் தாங்கத் தடித்த தகடு போட்ட ட்ராக்டர் பேட்டரி. ட்ரேக்குப் பொருந்தும் அளவு. இறுக்கமான கிளாம்ப், நல்ல கேபிள். சும்மா நிற்கும் மாதங்களில் அவ்வப்போது ஒரு சார்ஜ். லித்தியம் எல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

தயாரித்த மாதத்தை யாருக்கும் புரியாத குறியீட்டில் ஒளிக்காமல் லேபிளில் எழுதட்டும். விற்பதற்கு முன் வண்டியின் சார்ஜிங்கைச் சோதித்து, அந்த அளவை பில்லில் குறிக்கட்டும். ஒரு பைசா செலவில்லாத வேலை.

அதைக்கூடச் செய்யாத கடையில் "நூறு போடுங்க" என்றால், அந்த நூறு யாருக்காக?