சீமைப் படிப்புக்கு ஜாமீன் யார்?

அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள் கம்பெனி 1949இல் தொடங்கப்பட்டபோது, இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மெண்ட்ஸ் அதற்குக் கூட்டாளி. ஆவடியில் 1965இல் முதன்முதலாக உருண்டு வெளிவந்த விஜயந்தா டாங்கிக்கு மூல வரைபடம் விக்கர்ஸ் கம்பெனியாருடையது. நுணுக்கம் வந்தது, வரைபடம் வந்தது, மூலதனமும் வந்தது. கடல் குறுக்கே நின்றதாக யாரும் சொல்லவில்லை. அந்த இயந்திரங்களின் முன்னே நின்று இளமையைக் கரைத்தானே தொழிலாளி, அவன் மகள் ஓராண்டு லண்டன் மாநகரில் படித்துத் திரும்ப ஆசைப்பட்டால் மட்டும் கடல் திடீரென்று ஆழமாகிவிடுகிறது!

மாணவர் பரிமாற்றம் என்று ஓர் ஏற்பாடு. இங்குள்ள கல்லூரியும் அங்குள்ள பல்கலைக் கழகமும் ஒப்பந்தம் செய்துகொள்ளும். மாணவர் வழக்கமான கட்டணத்தை இங்கேயே கட்டுவார். அங்கே கட்டணம் கிடையாது. அங்கே பெறும் மதிப்பெண் இங்கே சேரும். காதுக்கு இனிய செய்திதான். பூந்தமல்லி நெடுஞ்சாலையில் போகிறவர்கள், வெளிநாட்டு ஒப்பந்தங்களைப் பறைசாற்றும் கல்லூரி விளம்பரப் பலகைகளைப் பார்த்திருப்பார்கள். பலகை பெரிது. அதிலே எழுதாமல் விட்டது அதைவிடப் பெரிது!

எழுதாமல் விட்டது என்ன? கட்டணம்தான் இல்லையே தவிர, விமானச் செலவு உண்டு, வாடகை உண்டு, சாப்பாடு உண்டு. இவற்றுக்கெல்லாம் முன்னே நிற்கிறது விசா. ஒரு கல்வியாண்டு லண்டனில் படிக்கப் போகிறவர், 2025 ஜனவரியில் இருந்த விதிப்படி, மாதம் 1,483 பவுன் வீதம் ஒன்பது மாதத்துக்குப் பணம் இருப்பதாகக் காட்ட வேண்டும். அன்றைய மாற்று விலையில் ஏறத்தாழ 14 லட்சம் ரூபாய்! அதுவும் 28 நாள் தொடர்ந்து கணக்கில் அசையாமல் கிடக்க வேண்டும். சம்பளம் ஏறிய மூன்றாம் நாளே கணக்கைத் துடைத்தெடுக்கும் ஒப்பந்தத் தொழிலாளி, 28 நாளுக்கு எங்கே போவான்?

வங்கியிடம் போகலாமே என்பார்கள். போனான். ஏழரை லட்சத்துக்கு மேல் என்றால் சொத்து ஈடு வேண்டும் என்றது வங்கி. பட்டாபிராமிலோ திருநின்றவூரிலோ வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி வாங்கிய அரை கிரவுண்டு மனைதான் அவன் சொத்து. அதற்கும் பட்டா கேட்டு எத்தனை முறை நடந்தான் என்பதை அந்தத் தாலுகா அலுவலகத்துப் படிக்கட்டுகளைத்தான் கேட்க வேண்டும்.

ஆக, படிப்பு இலவசம். பணக்காரன் என்று காட்டுவதற்குத்தான் பணம்!

ஏன் சீமைக்குப் போக வேண்டும், இங்கே கல்லூரி இல்லையா என்று கேட்கிற கனவான்களும் இருக்கிறார்கள். பெரும்பாலும் அவர்கள் வீட்டுப் பிள்ளைகள் ஏற்கெனவே அங்கேதான் இருப்பார்கள்! அவர்களுக்கு அண்ணல் அம்பேத்கரை நினைவூட்டுகிறோம். பரோடா மன்னர் தந்த மாதம் பதினொன்றரை பவுன் உதவித்தொகையோடு 1913இல் நியூயார்க் கொலம்பியா பல்கலைக் கழகத்துக்குப் போனார். 1916இல் லண்டன். 1917இல் உதவித்தொகை முடிந்தது. படிப்பைப் பாதியில் நிறுத்திவிட்டுத் திரும்பினார். சொந்தச் சேமிப்பும், கோலாப்பூர் சாகு மகராஜ் உதவியும், நண்பரிடம் வாங்கிய கடனுமாகச் சேர்த்துக்கொண்டு 1920இல் மறுபடி போய், 1923இல் டாக்டர் பட்டத்தை முடித்தார். அறிவுக்குக் குறைவில்லை, உழைப்புக்குக் குறைவில்லை. பணம் நின்றதால் படிப்பு நின்றது.

அவர் பெயரைச் சொல்லி மாலை போடும் டில்லி சர்க்கார் என்ன செய்தது? தாழ்த்தப்பட்டோருக்கான தேசிய வெளிநாட்டுக் கல்வி உதவித்தொகைக்கு 2025இல் 106 பேரைத் தேர்ந்தெடுத்துவிட்டு, ஜூலையில் 40 பேருக்கு மட்டும் கடிதம் அனுப்பிற்று. மற்ற 66 பேருக்கு? நிதி இருந்தால் தருவோம் என்று பதில்! 2022இல் இந்தியப் பண்பாடு, வரலாறு, சமூகம் பற்றி ஆராய விரும்புவோர்க்கு இந்த உதவி கிடையாது என்று விதியே போட்டார்கள். சாதியைப் பற்றி ஆராய்ந்து கொலம்பியாவில் கட்டுரை படித்தவர் அம்பேத்கர். இந்த விதிக்கு அவரே தேறியிருக்க மாட்டார். இன்னொரு கணக்கு: இத்திட்டத்தின் 125 இடங்களில், நிலமற்ற விவசாயத் தொழிலாளர்க்கும் பாரம்பரியக் கைவினைஞர்க்கும் சேர்த்து ஒதுக்கியது நான்கு. நாடு முழுவதற்கும் நான்கு!

தமிழகத்தில் ஆண்டு வருமானம் 8 லட்சம் வரையுள்ள ஆதிதிராவிட, பழங்குடிக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு அம்பேத்கர் பெயரிலேயே வெளிநாட்டு உயர்கல்வி உதவித் திட்டம் வந்தது. 'நான் முதல்வன்' திட்டத்தில் 2024 ஜூனில் 25 மாணவர்கள் இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக் கழகத்துக்கு ஒரு வாரப் பயிற்சிக்குப் போய் வந்தார்கள். நல்ல காரியங்கள், பாராட்டுகிறோம். ஆனால் முன்னது மேற்பட்டப் படிப்புக்கும் ஆராய்ச்சிக்கும். பின்னது ஒரு வாரத்துக்கு. இடையிலே நிற்கும் பரிமாற்ற மாணவருக்கு யார் ஜாமீன்?

ஐரோப்பாவில் 1987இல் 11 நாடுகள் கூடி எராஸ்மஸ் என்ற திட்டத்தைத் தொடங்கின. முதலாண்டில் போனவர்கள் 3,244 பேர். பொதுப்பணம் துணை நின்றதால் அது இலட்சக்கணக்கில் வளர்ந்தது. போனால் திரும்ப மாட்டார்கள் என்ற புலம்பலும் இங்கே எடுபடாது. பட்டம் இங்கே முடிய வேண்டுமானால் பரிமாற்ற மாணவர் இங்கே திரும்பியே ஆக வேண்டும்.

நாம் கேட்பது இது. நாற்காலியில் எந்தக் கட்சி இருந்தாலும், பரிமாற்றத்துக்குத் தேர்வான தொழிலாளர் வீட்டுப் பிள்ளைக்கு மாநில அரசே ஜாமீன் நிற்கட்டும். ஈடு கேட்காமல் கடன் கிடைக்கட்டும். உதவித்தொகை விமானம் ஏறுமுன் கைக்கு வரட்டும். ஒப்பந்தப் பலகை வைக்கும் கல்லூரி, சென்ற ஆண்டு எத்தனை பேரை அனுப்பியது என்ற எண்ணையும் அதே பலகையில் எழுதட்டும்.

கழகத் தோழர்களுக்கு ஒரு வேலை. உதவித்தொகை அறிவிப்பு வரும் நாளில், ஆவடி, அம்பத்தூர் ஆலை வாயிற்கூட்டங்களில் அதைப் படித்துக் காட்டுங்கள். வருமானச் சான்று, சாதிச் சான்று, பாஸ்போர்ட் மூன்றையும் இப்போதே வாங்கி வைக்கச் சொல்லுங்கள். கடைசித் தேதிக்கு முந்திய நாள் ஓடுகிறவனுக்குச் சான்று கிடைப்பதில்லை.