நகல் எங்கே இருக்கிறது?

புலிகேசி நகர் என்று அரசு ஏடுகள் குறித்தாலும், பெங்களூருவாசிகளுக்கு அது பிரேசர் டவுன்தான். அங்கே கோல்ஸ் சாலையை ஒட்டி, நான் நன்கறிந்த துணிக்கடை ஒன்று உண்டு. தீயும் இன்றித் திருட்டும் இன்றி, அதன் பதினோர் ஆண்டுக் கணக்கு ஒரே வாரத்தில் மறைந்துபோயிற்று. கணினியின் வன்தட்டுகள் இரண்டும் அடுத்தடுத்துச் செயலிழந்ததே காரணம்.

கடைக்காரர் அலட்சியமானவர் அல்லர். ஒன்றில் எழுதுவது மற்றொன்றிலும் அதே கணத்தில் பதியுமாறு இரு தட்டுகளைப் பொருத்தியிருந்தார். ‘பேக்கப் இருக்கிறது, கவலை வேண்டாம்’ என்று கணினி விற்றவரும் சொல்லியிருந்தார். என் குறை அந்தச் சொல்லின்மீதுதான். 1980களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பேட்டர்சன், கிப்சன், கட்ஸ் என்னும் மூவர் இத்தகைய அமைப்புகளுக்கு ‘ரெய்டு’ என்று பெயரிட்டனர். (வணிகர்களுக்கு வேறொன்றை நினைவூட்டும் பெயர்தான்!) ஒரு தட்டு பழுதானாலும் வேலை நில்லாமல் நடப்பதற்கான ஏற்பாடு இது; நகல் அன்று. தவறுதலாக ஒரு கணக்கை அழித்தால் இரண்டிலும் அழியும். வைரஸ் புகுந்தாலும் அவ்வாறே.

மேலும், ஒரே நாளில் வாங்கிய இரு தட்டுகள் ஒரே வெப்பத்தையும் ஒரே மின்தடையையும் தாங்கி, ஒன்றாகவே மூப்படைகின்றன. முதல் தட்டு நின்றபோது எழுந்த எச்சரிக்கை ஒலியைக் கடைப் பையன்கள் யு.பி.எஸ். ஒலி என்று எண்ணிவிட்டனர். புதிய தட்டைப் பொருத்தியதும், அதை நிரப்புவதற்காகப் பழைய தட்டின் முழுப் பரப்பையும் இயந்திரம் ஓய்வின்றிப் படிக்கத் தொடங்கியது. அந்தச் சுமையில் அதுவும் நின்றது. தரவு மீட்பவர்களால் ஒரு பகுதியையே எடுத்துத் தர முடிந்தது. கடனுக்குத் துணி வாங்கியவர்களில் பலர் தாமாகவே வந்து பாக்கியைச் சொன்னார்கள். சொல்லாதவர்கள் எத்தனை பேர் என்று அறிய வழியில்லை.

சிறு கடைக்கு மட்டுமே நேர்வது அன்று இது. 2025 செப்டம்பரில் தென்கொரியாவின் தேஜான் நகர அரசுத் தரவு மையத்தில் தீப்பற்றியது. அரசு ஊழியர்களின் கோப்புகள் 858 டெராபைட் அளவுக்கு அழிந்தன. வெளியே அவற்றுக்கு நகல் இல்லை. 2022 நவம்பரில் தில்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் ஐந்து சர்வர்கள் இணையத் தாக்குதலில் முடங்கின. பணிகள் பல நாட்கள் காகிதத்தில் நடந்தன. எனினும் தாக்குதல் எட்டாத வேறொரு சர்வரில் நகல் இருந்ததால், நோயாளிகளின் தரவு மீண்டது.

வங்கிகள் இதை நன்கறியும். தொலைவிலுள்ள வேறோர் ஊரில் மீட்பு மையம் வைத்து, அவ்வப்போது அங்கிருந்தே பணியை நடத்தியும் பார்க்கின்றன. ஆனால் வணிகருக்குக் கடன் தரும்போது, சரக்குக்குக் காப்பீடு உண்டா என்று கேட்கும் வங்கி, கணக்கின் நகல் எங்கே என்று கேட்பதில்லை. சரக்கோடு, வாடிக்கையாளரிடமிருந்து வரவேண்டிய தொகையும் பல கடன்களுக்கு ஈடாகிறது. அத்தொகைக்கு ஆதாரமான கணக்கு ஒற்றைக் கணினியில் கிடக்கலாமா? கடன் விண்ணப்பத்தில் இக்கேள்வியையும் சேர்க்க வேண்டும் என்பது என் கருத்து. சரக்குச் சேதத்துக்கான சாதாரணக் காப்பீடு, தொலைந்த கணக்கை மீட்டுத் தராது. ஜி.எஸ்.டி. சட்டமோ, ஆண்டறிக்கை தாக்கல் செய்ய வேண்டிய நாளிலிருந்து 72 மாதங்கள் கணக்குகளைப் பாதுகாக்கச் சொல்கிறது.

செலவு பெரிதில்லை. கணினியிலிருந்து கழற்றி வீட்டுக்கு எடுத்துச் செல்லும் தட்டு ஒன்று. இயன்றால் இணையச் சேமிப்பில் மற்றொன்று. கடினமானது, நகலைத் திறந்து பார்க்கும் பழக்கமே.

துணிக்கடைக்காரர் இப்போது சனிக்கிழமை இரவுதோறும் சாப்பாட்டுப் பையில் ஒரு தட்டை வீட்டுக்குக் கொண்டுபோகிறார். அண்மையில் மருமகனின் மடிக்கணினியில் அதைத் திறந்து பார்த்தார். மார்ச் வரையிலான கணக்கு சரியாக இருந்தது. ஏப்ரலில் புதிய நிதியாண்டுக்கென்று தொடங்கிய கோப்புறை நகலில் சேர்க்கப்படவேயில்லை. அன்றிரவே கடையைத் திறந்து அதைச் சேர்த்தார்.