தப்பைத் தப்புன்னு யார் சொல்லலாம்?

முன்தீர்ப்பு என்ற சொல்லை எடுத்தாலே நம் தோழர்களுக்கு அலுப்பு வந்துவிடுகிறது. ‘எல்லாக் கோர்ட்டும் ஒண்ணுதான், எல்லா ஜட்ஜும் ஒண்ணுதான்’ என்று ஒரே வரியில் கதையை முடித்துவிடுகிறார்கள். ஒண்ணு இல்லை என்பதுதான் என் வாதம். எந்தக் கோர்ட் எதை மீறலாம், எது வாயைப் பொத்திக்கொள்ள வேண்டும், தப்பு என்று தெரிந்த பிறகும் அந்தத் தப்பை யார் சுமக்க வேண்டும் என்பதற்கெல்லாம் கறாரான கணக்கு இருக்கிறது. அந்தக் கணக்கு தெரியாமல் சட்டத்தை எதிர்க்கவும் முடியாது, பயன்படுத்தவும் முடியாது.

கணக்குப் போட்டவன் இங்கிலாந்துக்காரன். 1949 வரை சென்னை உயர்நீதிமன்றத்துக்கு மேலே லண்டனில் இருந்த பிரிவி கவுன்சில்தான் கடைசிப் படி. அது போன பிறகும் பழக்கம் போகவில்லை. உச்சநீதிமன்றம் சொன்ன சட்டம் நாட்டின் எல்லா நீதிமன்றங்களையும் கட்டும் என்று அரசியல் சட்டத்தின் 141ஆம் பிரிவிலேயே எழுதி வைத்தோம். ஆகவே சரக்கு எங்கே தயாரானதோ அங்கேயே போய்ப் பார்ப்போம்.

இங்கிலாந்தில் கீழ்ப்படியில் மாஜிஸ்திரேட் கோர்ட்டும் கவுண்டி கோர்ட்டும். சில்லறைக் குற்றம், வாடகை பாக்கி, கடன், வீட்டைக் காலி செய்யும் வழக்கு என்று ஏழைபாழைகள் வந்து நிற்கிற இடம் இதுதான். மிகப் பெரும்பாலான வழக்குகள் இங்கே பிறந்து இங்கேயே முடிந்துவிடுகின்றன. ஆனால் இங்கே சொல்லப்படுகிற எதுவும் முன்தீர்ப்பு ஆகாது. கொலை, கொள்ளையை ஜூரி வைத்து விசாரிக்கிற கிரவுன் கோர்ட்டின் தீர்ப்பும் வேறு யாரையும் கட்டாது. உயர்நீதிமன்றம் சொன்னால் கீழே இருப்பவை கேட்க வேண்டும். அதற்கு மேல் மேல்முறையீட்டு நீதிமன்றம். உச்சியில் 2009 அக்டோபர் வரை பிரபுக்கள் சபை, அதன்பிறகு உச்சநீதிமன்றம். (பாராளுமன்றத்தின் மேல்சபையில் சட்டப் பிரபுக்கள் என்று சில நீதிபதிகள் உட்கார்ந்து நாட்டின் கடைசித் தீர்ப்பைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அதிகாரப் பிரிவினை பற்றி உலகத்துக்கே பாடம் எடுத்தவர்கள் 2009 வரை இப்படித்தான்!)

மேலே சொன்னது தப்பு என்று கீழே இருக்கிற நீதிபதிக்கு நன்றாகத் தெரிந்தாலும் அதைப் பின்பற்றியே ஆக வேண்டும். தீர்ப்பில் தன் மனக்குறையை எழுதலாம். அதற்கு மேல் முடியாது. ஆனால் முந்தைய தீர்ப்பு முழுவதும் அவரைக் கட்டாது. மாணவர்கள் மண்டையில் ஏற்றிக்கொள்ள வேண்டியது இதைத்தான். அந்த வழக்கில் நடந்தது என்ன, எந்தச் சட்டக் காரணம் இல்லாமல் அதற்கு விடை சொல்லியிருக்க முடியாதோ, அந்தக் காரணம் மட்டும்தான் கட்டும். ஐம்பது பக்கம் எழுதியிருப்பார், கட்டுவது நாலு வரியாக இருக்கும். போகிற போக்கில் சொன்னதற்கெல்லாம் மரியாதை உண்டு, கட்டாயம் கிடையாது. அதனால்தான் நல்ல வக்கீல், ‘அந்தக் கேஸ் வேற, இந்தக் கேஸ் வேற’ என்று சொல்ல ஒரு சந்து கிடைக்குமா என்று முதலில் தேடுகிறார்.

இந்த ஏற்பாட்டை ஒட்டுமொத்தமாகத் தூக்கி எறியச் சொல்ல மாட்டேன். ஒரே மாதிரி வழக்குக்கு ஒரே மாதிரி தீர்ப்பு என்பது இல்லாத இடத்தில், ஆளைப் பார்த்து இலை போடுகிற நீதிதான் நடக்கும். அந்தப் பந்தியில் நமக்கு எந்த இடம் என்பது நமக்குத் தெரியும். மேலே ஒருமுறை ஜெயித்துவிட்டால், கீழே இருக்கிற எந்த நீதிபதியும் தன் சொந்த வெறுப்பை வைத்து அதைத் தள்ளிவிட முடியாது. கயிறு அவர் கழுத்திலும் இருக்கிறது.

ஆனால் மேலே போய்ச் சேர வேண்டுமே. ஸ்காட்லாந்தில் பெய்ஸ்லி என்று ஒரு ஊர். 1928 ஆகஸ்டில் மே டொனாகு என்ற பெண், கடையில் வேலை பார்த்தவர், தோழியோடு ஒரு காப்பிக் கடைக்குப் போகிறார். தோழி காசு கொடுத்து இஞ்சி பீர் வாங்கித் தருகிறார். உள்ளே இருப்பது தெரியாத பாட்டில். கொஞ்சம் குடித்த பிறகு மீதியை ஊற்றும்போது அழுகிய நத்தை விழுந்தது, அதனால் உடம்புக்கு முடியாமல் போனது என்பது புகார். காசு கொடுத்தவர் தோழி, ஆகவே இவருக்கும் கடைக்காரருக்கும் ஒப்பந்தம் இல்லை. பாட்டிலைத் தயாரித்த முதலாளியோடும் ஒப்பந்தம் இல்லை. அப்படியானால் குடித்தவருக்கு யார் பொறுப்பு? இதே மாதிரி எலி கிடந்த இஞ்சி பீர் வழக்கில் முதலாளி பொறுப்பில்லை என்று ஸ்காட்லாந்தின் மேல்கோர்ட் 1929 மார்ச்சில்தான் சொல்லியிருந்தது. அந்த எலி வழக்கில் தோற்ற அதே வக்கீல் வால்டர் லீச்மன், சில வாரங்களுக்குள் நத்தை வழக்கைப் போட்டார். எனக்கு இந்த ஆளைப் பிடிக்கும்.

முதல் நீதிபதி அந்தப் பெண்ணுக்கு ஆதரவாகச் சொன்னார். மேல்கோர்ட் எலித் தீர்ப்பைக் காட்டி அதைக் கவிழ்த்தது. மிச்சம் இருந்தது பிரபுக்கள் சபை என்ற ஒரே படி. அங்கே போக வேண்டுமானால் எதிராளியின் செலவுக்கு ஜாமீன் பணம் கட்டியாக வேண்டும். உலகத்தில் தன் சொத்து ஐந்து பவுன்கூடத் தேறாது என்று சத்தியம் செய்து, பரம ஏழை என்று பதிவு பெற்றுத்தான் அவர் அந்தப் படியில் ஏறினார். 1932 மே மாதம் மூன்று பேர் அவர் பக்கம், இரண்டு பேர் எதிர்ப்பக்கம். உற்பத்தி செய்கிறவன், அதைக் கடைசியில் குடிக்கிறவருக்குப் பொறுப்பு என்பது அந்த ஒரு ஓட்டில் சட்டமானது. (நத்தை உண்மையிலேயே இருந்ததா என்பதை எந்தக் கோர்ட்டும் விசாரித்து முடிக்கவில்லை. வழக்கு சமரசத்தில் முடிந்தது.)

அந்த ஒரு ஓட்டு மாறி விழுந்திருந்தால்? பிரபுக்கள் சபையே நினைத்தாலும் பிறகு திருத்தியிருக்க முடியாது. 1898ல் லண்டன் டிராம் கம்பெனி வழக்கில் அது தன் கையைத் தானே கட்டிக்கொண்டது. தான் முன்பு சொன்னது தப்பே ஆனாலும் பாராளுமன்றம்தான் மாற்ற வேண்டும், தான் மாற்ற முடியாது என்றது. 68 வருஷம் இந்த நிலைமை. 1966 ஜூலையில்தான் லார்ட் கார்டினர் ஓர் அறிக்கையைப் படித்தார். சரியென்று பட்டால் இனி முந்தைய முடிவிலிருந்து விலகலாம் என்று அறிவித்தார். நம் உச்சநீதிமன்றம் பெங்கால் இம்யூனிட்டி கம்பெனி வழக்கில் 1955லேயே இந்த உரிமையை எடுத்துக்கொண்டது. வாத்தியாருக்கு முன்பே பையன் பாடத்தை மாற்றிவிட்டான்.

உச்சிக்கு மட்டும்தான் இந்தச் சலுகை. அடுத்த படியில் இருக்கும் மேல்முறையீட்டு நீதிமன்றம் தான் சொன்னதற்குத் தானே கட்டுப்பட்டது என்று 1944ல் முடிவாகியிருந்தது. தன்னுடைய இரண்டு தீர்ப்புகள் முட்டிக்கொண்டால், மேலே உள்ள தீர்ப்போடு மோதினால், முக்கியமான சட்டத்தைக் கவனிக்காமல் சொல்லியிருந்தால் என்று மூன்று விதிவிலக்கு மட்டும். 1977ல் ஒரு பெண், கல்யாணம் செய்யாமல் கூட வாழ்ந்தவனின் அடிதாங்காமல் குழந்தையோடு காப்பகத்துக்கு ஓடியவர், அவனை வீட்டைவிட்டு வெளியேற்றக் கேட்டு அந்தக் கோர்ட்டுக்கு வந்தார். அடிக்கிறவனை வெளியேற்ற 1976ல் பாராளுமன்றம் சட்டம் போட்டிருந்தது. ஆனால் வீட்டில் அவனுக்கும் சொத்துரிமை இருந்தால் முடியாது என்று அதே கோர்ட் கொஞ்ச நாள் முன்பு இரண்டு வழக்கில் சொல்லிவிட்டது. லார்ட் டென்னிங் ஐந்து நீதிபதிகளைக் கூட்டி உட்கார்ந்து, மூன்றுக்கு இரண்டு என்று அந்தத் தீர்ப்புகளைத் தள்ளி வைத்து, பெண்ணுக்குப் பாதுகாப்புக் கொடுத்தார்.

1978ல் பிரபுக்கள் சபை என்ன சொன்னது தெரியுமா? அந்தப் பெண் சொல்வது சரி, முந்தைய இரண்டு தீர்ப்பும் தப்பு, ஆனால் அதைத் தப்பு என்று சொல்ல உங்களுக்கு உரிமை இல்லை. டேவிஸ் எதிர் ஜான்சன் என்று பாடப்புத்தகங்களில் இருக்கிற வழக்கு. ஒழுங்குமுறை என்ற கோணத்தில் பிரபுக்கள் சொன்னதில் நியாயம் இருக்கலாம். அடிபட்டவளின் கோணத்திலிருந்து பாருங்கள். சரியான சட்டம் கிடைக்க, கட்டுப்பட்டிருந்த கோர்ட் கட்டுப்பாட்டை மீற வேண்டியிருந்தது. எல்லோருக்கும் டென்னிங் கிடைப்பதில்லை. (டென்னிங்கைத் தலையில் தூக்கி வைக்கவும் வேண்டாம். அந்த ஆளின் மற்ற கருத்துகள் சிலவற்றைப் படித்தால் நமக்கு ரத்தம் கொதிக்கும்.)

இன்னொரு விசித்திரம். நீதிபதி சட்டத்தை உண்டாக்குவதில்லை, ஏற்கெனவே இருப்பதைக் கண்டு சொல்கிறார் என்பது ஆங்கிலேயச் சட்டத்தின் பழைய நம்பிக்கை. ஆகவே தீர்ப்பு மாறினால், சட்டம் இன்றைக்கு மாறியது என்று அர்த்தமில்லை, எப்போதுமே அப்படித்தான் இருந்தது என்று அர்த்தம். கணவன் மனைவியை வன்புணர்வது குற்றமில்லை என்று 250 வருஷத்துக்கு மேல் சொல்லி வந்தார்கள். அதற்கு மூலம், மேத்யூ ஹேல் என்ற நீதிபதி எழுதி, அவர் செத்த பிறகு 1736ல் அச்சான புத்தகத்தில் ஒரு வாக்கியம். 1991 அக்டோபரில் பிரபுக்கள் சபை அதைக் குப்பையில் போட்டது, எதிரில் நின்ற கணவனுக்கும் சேர்த்து. சரியான தீர்ப்பு.

இந்த நம்பிக்கை யாருக்கு எப்படி வேலை செய்கிறது என்பதற்கு ஒரு வங்கியின் கதை. கிளைன்வோர்ட் பென்சன் என்ற வங்கி, நகராட்சிகளோடு வட்டி மாற்று ஒப்பந்தம் போட்டுப் பணம் கொடுத்தது. அப்படி ஒப்பந்தம் போட நகராட்சிகளுக்கு அதிகாரமே இல்லை என்று 1991ல் பிரபுக்கள் சபை சொல்லிவிட்டது. சட்டம் தெரியாமல் கொடுத்த பணத்தைத் திருப்பிக் கேட்க முடியாது என்பது 1802லிருந்து இருந்த விதி. 1998ல் மூன்றுக்கு இரண்டு என்ற கணக்கில் அந்த விதியை எடுத்துவிட்டார்கள். கொடுத்த நாளில் எல்லோரும் அதைச் செல்லுமென்றே நம்பியிருந்தாலும், பின்னால் வந்த தீர்ப்பின்படி அது தப்பெண்ணம்தான், பணத்தைக் கேட்கலாம் என்றார்கள். எப்போதோ கணக்கு முடிந்த ஒப்பந்தங்களும் அதில் அடக்கம்.

இப்போது சிறைக்கு வருவோம். 1984ல் ஹாங்காங்கிலிருந்து பிரிவி கவுன்சிலுக்கு ஒரு கொலை வழக்கு வந்தது. சேர்ந்து ஒரு குற்றத்துக்குப் போகிறவர்களில் ஒருவன் கொலை செய்தால், ‘இவன் அப்படிச் செய்யக்கூடும்’ என்று கூடப் போனவன் எண்ணிப் பார்த்திருந்தாலே போதும், அவனும் கொலைகாரன் என்றார்கள். குத்தினவனுக்குக் கொல்லும் எண்ணமோ கடுமையாகக் காயப்படுத்தும் எண்ணமோ இருந்ததை நிரூபிக்க வேண்டும். குத்தாதவனுக்கு ஊகம் போதும்! பிரிவி கவுன்சில் சொன்னது இங்கிலாந்துக் கோர்ட்டுகளைக் கட்டாது. ஆனாலும் எடுத்துக்கொண்டார்கள். 1997ல் பிரபுக்கள் சபையும் முத்திரை குத்தியது. அன்றிலிருந்து கீழே எந்த நீதிபதியும் அசைய முடியாது. கொலை என்றால் இங்கிலாந்தில் ஆயுள் தண்டனை கட்டாயம். தெருமுனையில் கூட நின்ற பையன்கள், அதிலும் மக்கள்தொகை விகிதத்துக்கு மிஞ்சிக் கறுப்பினப் பையன்கள், இந்த விதியின் கீழ் உள்ளே போனார்கள். அவர்களின் தாய்மார்களும் உறவினர்களும் சேர்ந்து ஜெங்பா என்ற அமைப்பைக் கட்டித் தெருவில் இறங்கினார்கள்.

2016 பிப்ரவரியில் ஜோகி வழக்கில் உச்சநீதிமன்றம், 1984ல் சட்டம் தப்பான பாதையில் திரும்பிவிட்டது என்று ஒப்புக்கொண்டது. ஊகம் என்பது எண்ணத்துக்கு ஒரு சாட்சியம் மட்டுமே, அதுவே குற்றமாகாது என்றது. ஜோகி ஒன்றும் அப்பாவி இல்லை. கையில் பாட்டிலோடு வாசலில் நின்று உசுப்பிவிட்டவர். மறுவிசாரணையில் கொலைக்குக் குறைந்த, மரணம் விளைவித்த குற்றத்துக்கு 12 வருஷம் தண்டனை பெற்றார். ஆயுளுக்கும் அதற்கும் உள்ள தூரம்தான் அந்தத் தப்பான பாதையின் நீளம்.

சரி, 32 வருஷமாக உள்ளே போனவர்கள்? சட்டம் எப்போதுமே இப்படித்தான் இருந்தது என்றால் அவர்கள் தீர்ப்பெல்லாம் விழ வேண்டுமே? விழாது என்றது அதே ஜோகி தீர்ப்பு. அன்றைக்கு இருந்த சட்டப்படி சரியாகத்தான் தண்டிக்கப்பட்டார்கள், காலம் கடந்து வருகிறவர்கள் தங்களுக்குக் ‘கணிசமான அநீதி’ நடந்ததைக் காட்டினால்தான் அப்பீலுக்கு அனுமதி. வங்கிக்கு, அன்றைக்கு எல்லோரும் நம்பிய சட்டம் தப்பெண்ணம். கைதிக்கு, அதுவே அன்றைய சட்டம். சிவில் வேறு, கிரிமினல் வேறு, முடிந்த வழக்குகளையெல்லாம் கிளறினால் இறந்தவர் குடும்பம் என்ன ஆகும் என்று பதில் வைத்திருக்கிறார்கள். கடைசிக் கேள்வியை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் பணத்துக்குத் திறந்த கதவு மனிதனுக்கு ஏன் பாதிகூடத் திறக்கவில்லை என்பதற்கு அது விடையாகாது.

2016 அக்டோபரில் ஒரே தொகுப்பாக வந்த பழைய வழக்குகளை மேல்முறையீட்டு நீதிமன்றம் தள்ளியது. 2018ல் ஒருவருடைய கொலைத் தீர்ப்பு ரத்தானது. மற்றவர்கள் தங்களுக்கு நடந்தது வெறும் அநீதி இல்லை, கணிசமான அநீதி என்று சிறைக்குள்ளிருந்து காட்ட வேண்டும். அதைக் காட்ட வேண்டிய இடம், முப்பது வருஷம் அந்தத் தப்பைப் பின்பற்றிய அதே மேல்முறையீட்டு நீதிமன்றம்.