கடல் காட்டும் அடையாளங்கள்

 

இராமநாதபுரம் மாவட்டக் கடலோரச் சிற்றூர் ஒன்றிலிருந்து ஒரு தாய் எழுதிய மடல் கைக்கு வந்தது. அவருடைய மகன் என்னிடம் ஓதிய பிள்ளை. இன்று கடன்பட்டு வாங்கிய படகொன்றின் உரிமையாளன். "ஹஸ்ரத், செயற்கைக்கோள் சொல்லும் இடத்தில்தான் வலை விடுவேன் என்கிறான். இவன் அத்தா கடலைப் பார்த்துத்தான் தொழில் செய்தார்கள். மீன் எங்கே இருக்கிறது என்பது அல்லாஹ் மட்டுமே அறிந்த மறைவான செய்தி அன்றோ? இது ஈமானுக்குப் பழுதாகாதா?" என்று கேட்டிருந்தார். சென்ற இரு முறையும் டீசல் செலவுகூடத் திரும்பவில்லை என்று மடலின் இறுதியில் ஒரு வரி இருந்தது. என் கண் நெடுநேரம் அந்த வரியிலேயே நின்றது.

முதலில் மார்க்கக் கேள்விக்கு விடை கூறிவிடுகிறேன். கருமேகத்தைக் கண்டு மழை வரக்கூடும் என்பவன் மறைவானதை அறிந்ததாக வாதிடவில்லை. இறைவன் வெளிப்படையாக வைத்த அடையாளத்தைப் படிக்கிறான். மீன் தேடுவோர் செய்வதும் அதுவே. கடலை வசப்படுத்தி, அதிலிருந்து புத்தம்புதிய இறைச்சியை நமக்கு உணவாக்கியிருப்பதை அந்நஹ்ல் அத்தியாயம் நினைவூட்டுகிறது. அந்த உணவைத் தேடிச் செல்லும் முயற்சி தவக்குலுக்கு எதிரானதன்று. ஒட்டகத்தைக் கட்டுவது பற்றிய ஹதீஸை நாம் மேடைதோறும் சொல்கிறோம். படகு விஷயத்தில் மட்டும் ஏனோ மறந்துவிடுகிறோம்.

இனி அந்த அடையாளம் யாதெனப் பார்ப்போம். கடலின் மேற்பரப்பில் வெயில் உண்டு, உரம் குறைவு. ஆழத்தில் உரம் உண்டு, வெளிச்சம் இல்லை. இவ்விரண்டும் சந்திக்கும் இடத்தில்தான் கண்ணுக்குப் புலப்படாத நுண்பாசிகள் பெருகுகின்றன. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் கன்னியாகுமரிக்கும் கேரளக் கரைக்கும் அப்பால் காற்றும் பூமியின் சுழற்சியும் சேர்ந்து மேல்நீரைக் கரையிலிருந்து விலக்குகின்றன. அவ்விடத்தை நிரப்பக் குளிர்ந்த அடிநீர் உரத்தோடு மேலெழுகிறது. பாசி பெருக, அதை உண்ணும் நுண்ணுயிர்கள் பெருக, சாளையும் அயிலையும் கூடுகின்றன. அவற்றை விரட்டிக்கொண்டு சூரையும் வஞ்சிரமும் வருகின்றன. (மான்சூன் என்னும் சொல்லே மவ்ஸிம் என்ற அரபுச் சொல்லிலிருந்து பிறந்தது என்பதை மத்ரஸா மாணவர்களுக்குச் சொன்னால் மகிழ்வார்கள்.)

பாசியிலுள்ள பச்சையம் நீரின் நிறத்தை மாற்றுகிறது. மேலெழும் அடிநீர் வெப்பத்தை மாற்றுகிறது. இவ்விரு மாற்றங்களையும் வானிலிருந்தே அளக்கலாம். கடல் நிறத்தை அளக்கும் கருவியோடு நம் நாட்டின் முதல் ஓஷன்சாட் 1999 மே 26 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்டது. அவ்வரிசையில் மூன்றாவது 2022 நவம்பரில் சென்றது. இத்தகைய செயற்கைக்கோள்கள் அனுப்பும் செய்திகளை ஆராய்ந்து, மீன் கூடும் வாய்ப்புள்ள இடங்களை ஹைதராபாத்திலுள்ள இன்காய்ஸ் என்னும் அரசு நிறுவனம் அறிவிக்கிறது. எந்த மீன்பிடி துறையிலிருந்து எத்திசையில், எவ்வளவு தொலைவில், எவ்வளவு ஆழத்தில் என்று தமிழிலும் தருகிறார்கள். இதற்குக் கட்டணம் இல்லை.

ஆனால் ஒன்றை அந்த அம்மாவின் மகன் கவனித்திருக்க மாட்டான் என்று அஞ்சுகிறேன். அறிவிப்பு சொல்வது வாய்ப்பை, வாக்குறுதியை அன்று. செயற்கைக்கோள் மீனைக் காண்பதில்லை, மீனின் மேய்ச்சல் நிலத்தைத்தான் காண்கிறது. அதுவும் மேற்பரப்பை மட்டுமே. படம் எடுத்த பின்னும் நீரோட்டம் நிற்பதில்லை. ஓரிரு நாள் கழித்துப் போனால் அந்தப் பசுமை வேறிடம் நகர்ந்திருக்கும். பாசி பெருகிய அன்றே மீன் வந்துவிடுவதும் இல்லை. ஆற்று முகத்துவாரங்களுக்கு அருகே வண்டல் கலந்த நீர் பாசி நிறைந்த நீரைப்போல் தோன்றி ஏமாற்றவும் செய்யும். சூரையைத் தேடுவோர் பச்சை நீரின் நடுவே வலை விட்டுப் பயனில்லை. கண்ணால் கண்டு வேட்டையாடும் அம்மீன் பெரும்பாலும் பச்சையும் நீலமும் சந்திக்கும் விளிம்பில், தெளிந்த பக்கத்திலேயே திரியும். வெப்பநீரும் குளிர்நீரும் உரசும் இடமும் அத்தகைய விளிம்புதான். ஒரு டிகிரிக்கும் குறைந்த வேறுபாடு போதும், அங்கே மிதப்பனவெல்லாம் ஒதுங்கும், மீனும் ஒதுங்கும்.

இந்த விளிம்பைத்தானே அவன் அத்தா கண்ணால் கண்டார்? நுரையும் சருகும் நீளக் கோடாக மிதப்பதையும், ஆலாப் பறவைகள் ஒரே இடத்தில் பாய்வதையும், நீரில் கை வைத்துக் குளிர்ச்சி மாறுவதையும் பார்த்தே அன்றையோர் வலை விட்டனர். அவர்கள் கண்ணுக்கு எட்டியது சில மைல் மட்டுமே. செயற்கைக்கோளுக்கு எட்டுவது முழுக் கடல். அதனால் அறிவிப்பைக் கொண்டு திசையை முடிவுசெய்து, அங்கே சேர்ந்தபின் அத்தா கற்றுத்தந்ததைக் கொண்டு இடத்தை முடிவுசெய்ய வேண்டும். இரண்டில் ஒன்றைக் கைவிட்டதாலேயே டீசல் வீணாகியிருக்கக் கூடும்.

அம்மா, மகனிடம் இன்னும் இரண்டு கேளுங்கள். புறப்படுமுன் அந்த இடம் இலங்கையோடு 1974இலும் 1976இலும் வரையறுத்த எல்லைக்கு இப்பால் இருக்கிறதா என்று பார்த்தானா? மீனுக்கு எல்லை தெரியாது. படகைப் பறிகொடுத்தவன் வீட்டில் கடன் மட்டுமே மிஞ்சும். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சூழ்ந்த தேசியப் பூங்காவுக்குள் நுழையாமல் இருக்கிறானா?

மேகம் மூடிய நாட்களில் செயற்கைக்கோள் படம் தெளிவாகக் கிட்டாது. கடல் கொந்தளிக்கும்போதும், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான தடைக்காலத்திலும் இந்த அறிவிப்பு வருவதில்லை. அந்த 61 நாட்களில் அவன் வீட்டில்தான் இருப்பான். அத்தா எந்தெந்தப் பாரில், எத்தனை பாகம் ஆழத்தில், எந்தக் காற்றில் வலை விட்டார் என்பதை ஊரிலுள்ள மூத்தவர்களிடம் கேட்டு ஒரு நோட்டில் எழுதிவைக்கச் சொல்லுங்கள். அவன் கையெழுத்து நன்றாக இருக்கும், எனக்குத் தெரியும்.