இருபத்தைந்து சொற்களும் நம் நாவுகளும்

 

சில வாரங்களாக நம் குடும்பக் குழுக்களில் ஒரு குரல்பதிவு சுற்றி வருகிறது. ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்னும் மேசை விளையாட்டு பிள்ளைகளுக்குச் சூனியம் கற்பிக்கிறதாம். தொலைவில் இருப்பவருக்கு மனத்தாலேயே செய்தி அனுப்பவும், விலங்குகளோடு உரையாடவும், பிறர் எண்ணத்தைப் படிக்கவும் அதன் விதிநூலில் மந்திரங்கள் உள்ளனவாம். ஆகவே அந்நூல்களை உடனே கொளுத்திவிட வேண்டுமாம். இதைக் கேட்ட பெற்றோர் சிலர் பிள்ளைகளின் கண்முன்னேயே நூல்களைக் கிழித்தெறிந்தனர். பிள்ளைகள் விளையாட்டை நிறுத்தினார்களா? இல்லை. பெற்றோரிடம் சொல்வதைத்தான் நிறுத்திக்கொண்டார்கள். நாம் எழுத முற்பட்டதற்குக் காரணம் இதுவே.

முதலில் ஐயத்திற்கு இடமில்லாத ஒன்றைச் சொல்லிவிடுவோம். சூனியம் பெரும்பாவம். மனிதனை அழித்தொழிக்கும் ஏழு பாவங்களுள் ஒன்றாக நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அதை எண்ணியிருக்கிறார்கள். அதில் எந்த முஸ்லிமுக்கும் மறுப்பிருக்க முடியாது. ஆனால் அதே ஏழில், ஒழுக்கமுள்ள இறைநம்பிக்கையாளரான பெண்கள்மீது அவதூறு சொல்வதும் இருக்கிறது. சூனியத்தை எச்சரிக்கும் குரல்பதிவு வந்த அதே குழுவில், அதே வாரத்தில், யாரோ ஒருவர் வீட்டுப் பெண்ணைப் பற்றிய பேச்சும் வந்ததல்லவா? அதைக் கொளுத்தச் சொன்னவர் எவர்?

சூனியம் என்றால் என்ன என்பதிலும் நாம் தெளிவாக இருக்க வேண்டும். அல்லாஹ் அல்லாத ஒன்றிடம் மறைவான உதவியை உண்மையாகவே நாடுவதும், அதற்காக முடிச்சிடுவதும், ஜின்களை நாடுவதும் சூனியம். மேசையைச் சுற்றி அமர்ந்து, “என் பாத்திரம் இப்போது அரசனுக்குச் செய்தி அனுப்புகிறது” என்று ஒரு சிறுவன் சொல்லும்போது அவன் எவரிடமும் எதையும் நாடவில்லை. செய்தி எங்கும் போகவுமில்லை. அது கதை என்பது அவனுக்குத் தெரியும். உண்மையான ஆபத்து வேறிடத்தில் இருக்கிறது. பிள்ளைக்குக் காய்ச்சல் நீங்காவிட்டால் பால்கிதாபு பார்க்கப் போகிறோமே, காணாமற்போன நகைக்கு மை போட்டுப் பார்க்கிறோமே, கடைக்கல்லாவில் தகடு வைக்கிறோமே, அவற்றைக் கதை என்று நாம் நினைப்பதில்லை. நம்பியே செய்கிறோம். குர்ஆனை ஓதிப் பார்ப்பது வேறு, இவை வேறு என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தராத நாம், அவர்களின் விளையாட்டு நூலைக் கொளுத்துவதில் ஈமானைக் காட்டுகிறோம்.

இந்த அச்சம் எங்கிருந்து வந்தது என்பதையும் அறிந்துகொள்வது நல்லது. இவ்விளையாட்டு 1974இல் அமெரிக்காவில் வெளிவந்தது. கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்னும் இருவர் அதை உருவாக்கினர். 1980களில் அந்நாட்டுக் கிறிஸ்தவக் குழுக்கள் சில, அது சாத்தானிய வழிபாடு என்று பெரும் பரப்புரை செய்தன. மகனைத் தற்கொலையில் இழந்த பாட்ரீசியா புல்லிங் என்னும் தாய், விளையாட்டே காரணம் என்று நம்பி, 1983இல் ஓர் இயக்கமே தொடங்கினார். அத்தாயின் துயரம் உண்மை; அவர் சுட்டிய காரணத்தை எவராலும் நிறுவ இயலவில்லை. 1984இல் ஜாக் சிக் என்பவர் இவ்விளையாட்டைத் தாக்கிப் படக்கதைப் பிரசுரம் ஒன்றை வெளியிட்டார். இன்று நம் குழுக்களில் சுற்றும் வாதங்கள் பெரும்பாலும் அந்தக் காலத்துச் சரக்கு. அதே ஜாக் சிக் 1994இல், நம் ரப்பை நிலாக் கடவுள் என்று இழித்துரைக்கும் பிரசுரம் ஒன்றையும் அச்சிட்டார் என்பது குரல்பதிவை அனுப்பியவருக்குத் தெரியுமா? நம்மைப் பற்றிப் பொய் சொன்னவரின் வாயிலிருந்து புறப்பட்ட வாதத்தை, விசாரிக்காமல் நாம் சுமந்து திரிகிறோம். கேட்டதையெல்லாம் பரப்புவதே ஒருவர் பொய்யராவதற்குப் போதுமானது என்ற நபிமொழி நம் நினைவில் இருக்க வேண்டாமா?

இனி அந்த ‘மந்திரங்களுக்கு’ வருவோம். விதிநூலைத் திறந்தே பார்த்துவிட்டோம். நால்வரோ ஐவரோ கூடி அமர்வர். ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாக நின்று தாம் செய்வதை வாயால் சொல்வர். திரை கிடையாது. முழுவதும் பேச்சுதான். ஆகவே செய்தித் தொடர்புக்கான மந்திரங்கள் அதில் தனிச்சுவை பெறுகின்றன. 2014ஆம் ஆண்டுப் பதிப்பின்படியே சொல்கிறோம்.

‘செண்டிங்’ என்று ஒன்று. முன்பே அறிமுகமான ஒருவருக்கு, அவர் எத்தனை தொலைவில் இருந்தாலும், செய்தி அனுப்பலாம். அவரும் உடனே மறுமொழி சொல்லலாம். ஒரே கட்டுப்பாடு, 25 சொற்களுக்கு மேல் கூடாது. பகைவர் படை கோட்டையைச் சூழ்ந்த நேரம். ‘உதவி, உதவி’ என்று நண்பர்களை அழைக்கவே எல்லாரும் எண்ணினர். நாம் அருகிலிருந்து பார்த்த மேசையில், பதின்மூன்று வயதுப் பெண்ணொருத்தி அந்த ஒரே வாய்ப்பைப் பகைவரின் தளபதிக்கே அனுப்பினாள். முன்பொருமுறை தூது சென்றபோது அவள் பாத்திரம் அவரை நேரில் கண்டிருந்தது. விரல்விட்டு எண்ணி எண்ணி அவள் அமைத்த செய்தி இது: “உங்கள் மகன் உயிரோடிருக்கிறான். காயத்துக்கு மருந்திட்டோம். விடியும்வரை தாக்காதீர்கள், ஆற்றங்கரைக்கு நாங்களே அழைத்துவருகிறோம். அவனிடம் என்ன சொல்லட்டும்?”

அவள் தம்பி விடவில்லை. ‘அழைத்துவருகிறோம்’ ஒரு சொல்லா இரண்டா என்று வழக்காடினான். ஆங்கிலத்தில் மூன்று சொற்களில் சொல்லவேண்டிய ‘என்னால் வர இயலாது’ என்பதைத் தமிழில் ‘வரமுடியாது’ என்று ஒரே சொல்லில் முடித்துவிடலாமே, இது நியாயமா என்றான். நெடுநேரம் வாதாடி, சேர்த்து எழுதினால் ஒரு சொல் என்று மேசை தீர்ப்பளித்தது. அதன்படி எண்ணினால் அவள் செலவிட்டது பதின்மூன்றே சொற்கள். கடைசிக் கேள்வியை எதற்கு வைத்தாய் என்று கேட்டோம். “அவர் பதில் சொல்லாவிட்டால் என்னை நம்பவில்லை என்று தெரிந்துவிடும்” என்றாள். பேசினால் நன்மையைப் பேசவேண்டும், இன்றேல் மௌனம் காக்கவேண்டும் என்னும் நபிவழியை எத்தனை பயான்களில் கேட்டிருக்கிறோம்! ஒரு சொல்லை எடுப்பதற்கு முன் எண்ணிப் பார்க்கும் பழக்கம் அந்தப் பிள்ளைக்கு வந்துவிட்டது. நமக்கு வந்ததா?

‘அனிமல் மெசஞ்சர்’ என்பது மற்றொன்று. சிறு பறவையிடமோ அணிலிடமோ 25 சொற்களுக்குள் செய்தி சொல்லி, முன்பு சென்றுவந்த ஓரிடத்திற்கு அனுப்பலாம். பெறுபவரின் பெயர் அதற்குத் தெரியாது; தோற்றத்தை வைத்தே தேடும். “சிவப்புத் தொப்பி அணிந்தவர்” என்று அரைகுறையாகச் சொல்லி அனுப்பினால், அதே தொப்பி அணிந்த வேறொருவரிடம் இரகசியம் போய்ச்சேரும். இப்படி ஒருமுறை ஏமாந்த பிள்ளைகள் அடுத்தமுறை நடை, தழும்பு, குரல் என்று வகுத்துச் சொல்லப் பழகுகிறார்கள். சூரத்துந் நம்லை ஓதுபவருக்கு ஹுத்ஹுத் பறவை நினைவுக்கு வராமல் போகுமா? சபா நாட்டுச் செய்தியை அது கொண்டுவந்தபோது, நபி சுலைமான் (அலை) அவர்கள் அது மெய்யா பொய்யா என்று பார்ப்போம் என்றே சொன்னார்கள். பிறகுதான் மடலைக் கொடுத்தனுப்பினார்கள். அது அல்லாஹ் அருளிய அற்புதம்; விளையாட்டில் வருவது கற்பனை. இரண்டையும் சமமாக்குவது நம் நோக்கமன்று. ஆனால் இந்த வேறுபாட்டைப் பிள்ளைக்கு விளக்குவதற்கு இதைவிட நல்ல வேளை எது? சுலைமான் (அலை) அவர்களைச் சூனியக்காரர் என்று பழித்தவர்களை அல்பகரா அத்தியாயத்தின் 102ஆம் வசனம் மறுப்பதையும் அந்த மேசையிலேயே சொல்லலாம்.

‘ஸோன் ஆஃப் ட்ரூத்’ என்பதுதான் நம்மை அதிகம் நாணச் செய்தது. பத்து நிமிடங்களுக்கு ஒரு வட்டத்திற்குள் அகப்பட்டவர் அறிந்தே பொய் சொல்ல முடியாது. ஆனால் விதி ஒரு வாசலைத் திறந்தே வைத்திருக்கிறது. அவர் பதில் சொல்லாமல் இருக்கலாம். உண்மைக்குள்ளேயே நின்று நழுவலாம். ஆகையால் திறமையான பிள்ளைகள் மந்திரத்தை நம்பியிருப்பதில்லை. நழுவ முடியாத கேள்வியைத் தேடுகிறார்கள். “நீ திருடினாயா?” என்று கேட்பதில்லை, “அந்தப் பெட்டி கடைசியாக யார் கையில் இருந்ததைக் கண்டாய்?” என்று கேட்கிறார்கள். சம்பந்தம் பேசும் கூடத்தில் நாம் என்ன செய்கிறோம்? “மாப்பிள்ளை வெளிநாட்டில் இருக்கிறார்” என்கிறோம். உண்மைதான். வேலை போய் நான்கு மாதமாகிறது என்பதைச் சொல்வதில்லை. ஒரு சொல்கூடப் பொய்யில்லை, முழுவதும் மோசடி. பொய் பேசாமலே ஏமாற்றலாம் என்பதைப் பதின்மூன்று வயதில் கண்டுகொண்ட பிள்ளை, அதை நம் வீட்டில் கண்டால் என்ன நினைக்கும்?

‘காம்ப்ரிஹெண்ட் லாங்குவேஜஸ்’ என்பது அறியாத மொழியின் நேர்ப்பொருளை மட்டும் தரும். குறிப்புமொழி விளங்காது, அம்மொழியில் திரும்பப் பேசவும் வராது. இதை விளக்கிய சிறுவனிடம், நேர்ப்பொருள் மட்டும் தெரிந்தால் போதாதா என்று கேட்டோம். “யார் யாருக்கு எப்போது சொன்னார்கள் என்று தெரியாவிட்டால் தப்பாகத்தான் விளங்கும்” என்றான். ஒரேயொரு வசனத்தின் மொழிபெயர்ப்பைக் கையில் வைத்துக்கொண்டு கைப்பேசியில் தீர்ப்பு வழங்கும் நம் முஃப்திகள் அவனிடம் சிறிது நேரம் அமரலாம்.

அப்படியானால் அனைத்தும் சரியா? இல்லை. “விளையாட்டுதானே” என்று தட்டிக்கழிக்கும் பிள்ளைகளுக்கும் நாம் சொல்லவேண்டியது உண்டு. இறந்தவரின் உடலிடம் ஐந்து கேள்வி கேட்கும் ‘ஸ்பீக் வித் டெட்’, தெய்வமொன்றிடம் ஆம், இல்லை என்று பதில் பெறும் ‘கம்யூன்’, கற்பனைத் தெய்வங்களைப் போற்றும் பூசாரிப் பாத்திரங்கள் ஆகியவற்றை விட்டுவிடுங்கள். பர்ஸகையும் வணக்கத்தையும் விளையாட்டுப் பொருளாக்க வேண்டாம். கதையை நடத்துபவர் எதையும் மாற்றலாம் என்று உங்கள் விதிநூலே இடம் தருகிறதல்லவா? இறந்தவரை எழுப்புவதற்குப் பதில் அவர் எழுதிவைத்த மடலைத் தேடுங்கள். அண்டை வீட்டாரைச் சாட்சிக்கு அழையுங்கள். கதை குன்றாது. பகடை குறித்தும் ஆலிம்கள் பலர் கடுமையாகவே சொல்கிறார்கள். பணயமில்லாத ஆட்டத்திலும் அதை விலக்குவோர் உண்டு. அதற்கு நபிமொழி ஆதாரமும் இருக்கிறது. தீர்ப்பு வழங்கும் தகுதி நமக்கில்லை. உங்கள் ஆலிமிடம் விளக்கமாகச் சொல்லிக் கேளுங்கள். அவர் ஆகாதென்றால் பகடையின்றி, கதை நடத்துபவரின் தீர்ப்பை வைத்தே ஆடுங்கள்.

எஞ்சியிருப்பது பிறர் எண்ணத்தைப் படிக்கும் ‘டிடெக்ட் தாட்ஸ்’. இதுதான் குரல்பதிவில் மிகுந்த கண்டனத்திற்கு ஆளானது. துருவித் துருவி ஆராய்வதை அல்ஹுஜுராத் அத்தியாயத்தின் 12ஆம் வசனம் தடுக்கிறது என்பது உண்மையே. ஆனால் அந்த மந்திரத்திலும் ஒரு நேர்மை இருக்கிறது. மேலோட்டமான எண்ணத்தைத் தாண்டி ஆழமாகத் துருவினால், துருவப்பட்டவருக்கு அது தெரிந்துவிடும். மகள் உறங்கிய பின் அவள் கைப்பேசியை எடுத்து, அவள் விரலை வைத்துத் திறந்து, தோழியரோடு பேசியதையெல்லாம் படித்துவிட்டு, இருந்த இடத்திலேயே வைத்துவிடும் நம்மிடம் அந்த நேர்மைகூட இல்லையே! பிள்ளைகளைக் கண்காணிப்பது பெற்றோரின் பொறுப்பு. அதற்கு மறுமையில் நாம் விசாரிக்கப்படுவோம். அந்தக் கண்காணிப்பு வெளிப்படையாக இருக்கட்டும். “உன் கைப்பேசியை வாரத்திற்கொருமுறை உன்னோடு அமர்ந்து பார்ப்பேன்” என்று முகத்துக்கு நேரே சொல்லுங்கள். இதே விளையாட்டில் எட்டுப் பேர் வரை மனத்தால் உரையாடிக்கொள்ளும் வழி ஒன்றும் உண்டு. மனமுவந்து சேர்ந்தவர்களை மட்டுமே அது இணைக்கும்.

கிழிக்கப்பட்ட நூலை மறுபடி வாங்கிவிடலாம். பள்ளிக்கூடத்தில் நடந்ததை, தன்னை மிரட்டியவனை, தான் செய்த பிழையை வீட்டில் சொல்லலாம் என்னும் நம்பிக்கை கிழிந்துபோனால் எந்தக் கடையில் வாங்குவது? நாளை ஒரு பிள்ளை உண்மையான ஆபத்தில் சிக்கும்போது, அவன் முதலில் அழைக்க நினைக்கும் பெயர் நம்முடையதாக இருக்குமா என்பதே நம் முன்னுள்ள கேள்வி.

ஆகவே பெற்றோரே, வரும் விடுமுறை நாளில் அஸர் தொழுகைக்குப் பின் ஒரு மணிநேரம் அந்த மேசையில் அமருங்கள். விதிகளைப் பிள்ளையின் வாயால் கேளுங்கள். ஆகாததை ஆகாதென்று காரணத்தோடு சொல்லுங்கள். ஆகுமானதை மனம்விட்டுப் பாராட்டுங்கள். அந்தக் குரல்பதிவை இன்னும் எவருக்கும் அனுப்பாதவர்கள் அனுப்பாமலே இருங்கள். அனுப்பிவிட்டவர்கள், விசாரிக்காமல் அனுப்பிவிட்டோம் என்று அதே குழுவில் ஒரு வரி எழுதுங்கள். அதற்கு 25 சொற்கள்கூடத் தேவைப்படாது.

நம் நாவுகளையும் நம் சந்ததியையும் அல்லாஹ் பாதுகாப்பானாக. ஆமீன். வஸ்ஸலாம்.