ஸ்டாப் வாட்ச் சேகரிப்பு: ரசனையா, சூறையா?

பழைய ஸ்டாப் வாட்ச்சுகளைத் தேடி அலைந்து சேகரிக்கும் நண்பர்கள் மீது எங்களுக்குப் பகை ஏதுமில்லை. ஆனால் அந்தப் பொழுதுபோக்குக்கு 'வரலாற்றைக் காத்தல்' என்று அவர்கள் பெயர் சூட்டும்போது வாய்மூடி இருக்க இயலவில்லை.

பின்மூடியில் ஒரு கிளப்பின் பெயரோ வரிசை எண்ணோ பொறித்திருக்கிறது. அது புகழ்பெற்ற பெயராக இல்லாவிட்டால் 'குறை' என்று தேய்த்து மெருகேற்றிவிடுகிறார்கள். மங்கிய முகப்புக்குப் புதுவண்ணம் பூசுகிறார்கள். மிஞ்சுவது ஹோயர், ஒமேகா என்றொரு சுவிஸ் பெயர். யார் கையில் இருந்தது, எந்த ஓட்டத்தை அளந்தது என்று கேட்பாரில்லை.

கையை விலக்கிவிட்டு இக்கருவியைப் பேச முடியுமா? மணிக்கு 18,000 முறை துடிக்கும் கடிகாரம் நொடியை ஐந்தாகவே பகுக்கும். 36,000 துடிப்பு என்றால் பத்தாக. மீதி கட்டைவிரலின் பொறுப்பு. 1960 ரோம் ஒலிம்பிக் 400 மீட்டரில் மில்கா சிங்கின் அதிகாரபூர்வ நேரம் கையால் அளந்த 45.6 நொடி, மின்கருவி காட்டியதோ 45.73. அதே ரோமில் 100 மீட்டர் நீச்சலில் லான்ஸ் லார்சனுக்கு மூன்று கடிகாரங்கள் 55.0, 55.1, 55.1 என்று காட்டின. ஜான் டெவிட்டுக்கு மூன்றும் 55.2. தங்கம் டெவிட்டுக்குப் போயிற்று! அந்தக் கடிகாரங்களை மட்டும் கண்ணாடிப் பேழையில் வைத்தால் இந்தக் கதையில் எதைத் தெரிந்துகொள்வோம்?

ஊட்டிக்கு வருவோம். பேருந்து நிலையத்தை ஒட்டிய திடலில் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே குதிரைகள் ஓடத் தொடங்கிவிட்டன. விடியற்காலைப் பயிற்சியில் ஃபர்லாங் கணக்கில் நேரம் எடுப்பது பந்தய உலகின் அன்றாடத் தொழில். குதிரைப்பந்தயம் திறன் சார்ந்தது, சூதாட்டமல்ல என்று 1996-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்தத் திறனில் ஒரு பங்கு, குளிரில் நின்று நேரம் குறித்தவர்களுடையது என்பது எங்கள் கட்சி.

2024-இல் 822 கோடி ரூபாய் குத்தகை நிலுவைக்காகத் தமிழக அரசு மெட்ராஸ் ரேஸ் கிளப்பிடமிருந்து அந்த 52 ஏக்கரைக் கையகப்படுத்தியது. சூழல் பூங்கா என்றார்கள். வரட்டும், கிளப்புக்காக ஒப்பாரி வைக்க நாங்கள் தயாரில்லை. (சீமான்களின் கோடை விளையாட்டுக்கு அரசு நிலம் எதற்கு என்பது நியாயமான கேள்விதான்.) எங்கள் கவலை, லாயத்திலும் திடலிலும் வேலை பார்த்தவர்களின் வீடுகளில் கிடக்கக்கூடியவை பற்றியது. கடிகாரம் விலைபோகும்; நேரம் குறித்த நோட்டு எடைக்குப் போகும்.

ஆகவே நண்பர்களே, நோட்டையும் சேர்த்து வாங்குங்கள். மலை ஈரத்தில் துருவேறிய ஹேர்ஸ்பிரிங்கை மாற்றிக்கொள்ளலாம், பின்மூடி எழுத்தில் கைவைக்காதீர்கள். விற்பவர் எழுபதைத் தாண்டியவராயின் அவர் சொல்வதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். விலையைப் பிறகு பேசலாம்.